மூழ்கிய போர்க்கப்பல்களைக் காண மதுரையிலிருந்து புறப்படுகிறவருக்கு

மேலூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எனக்கு வயது இருபத்தாறு. ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவன். மூச்சடக்கி அடிமண் எடுத்து வருவேன். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் மூழ்கிய போர்க்கப்பல்களை ஸ்கூபா முறையில், அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு, இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சூக், பிகினி இரண்டில் எதற்கு முதலில் போகலாம்? கப்பலுக்குள் நுழைய முடியுமா? நினைவாக ஏதாவது எடுத்து வரலாமா? மதுரையிலிருந்து எப்படித் தொடங்குவது?"

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் இப்போது போக வேண்டாம். கப்பலின் புகழைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது கிடக்கும் ஆழத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்படி வரிசைப்படுத்தினால், உங்கள் முதல் கப்பல் பசிபிக்கில் இல்லை. கொழும்பு வழியாகப் போய்ச் சேரக்கூடிய, தமிழ் பேசும் ஊரான மட்டக்களப்பின் கடலில் இருக்கிறது.

ஆழத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் கிணற்று நீச்சலிலிருந்தே தொடங்குகிறேன். கிணற்றில் பழகியவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது. அது பெரிய முதல். ஆனால் நம் பக்கத்து இளைஞர்களுக்குப் பயிற்சி தரும்போது நான் முதலில் மாற்ற வேண்டியிருப்பதும் அந்தக் கிணறு கற்றுத்தந்த பழக்கத்தைத்தான்: தலை நீருக்குள் போனதும் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். ஸ்கூபாவின் முதல் விதி, எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது என்பது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் இரு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வந்து சேரும்போது இரு மடங்காக விரிகிறது. வாயை இறுக மூடிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழிகள் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகக்கூடும். மேலே இழுத்த மூச்சோடு கிணற்றில் இறங்குகிறவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் கொண்டுபோன காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்புகிறது. மன்னார் வளைகுடாவில் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கிய முத்துக்குளிப்பவர்கள் அப்படித்தான் போய்வந்தார்கள். அவர்களுடைய திறமை வேறு, சிலிண்டரோடு இறங்குகிறவர் கற்க வேண்டியது வேறு.

அடுத்தது காற்றுக் கணக்கு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் 2,400 லிட்டர் இருக்கும். பதற்றமில்லாத ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொண்டால் மேற்பரப்பில் அது இரண்டு மணி நேரம் வரும். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. அதே காற்று அரை மணி நேரம்தான். அதிலும் கால் பங்கைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு ஏற வேண்டும். 53 மீட்டரில் (பின்னால் சொல்லப்போகும் ஹெர்மீஸ் கப்பல் கிடக்கும் ஆழம்) இருபது நிமிடம்கூட வராது. பயந்து மூச்சு வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் பாதியாகிவிடும்.

காற்று தீர்வதற்கு முன்பே நைட்ரஜன் குறுக்கே வந்துவிடுகிறது. ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் உடலின் திசுக்களில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழியாக வெளிப்பட்டு மூட்டிலும் நரம்பிலும் முதுகுத்தண்டிலும் அடைக்கும். இடையில் நின்று நைட்ரஜனை வெளியேற்றாமல் நேராக ஏறி வரக்கூடிய நேரம், பயிற்சி வகுப்புகளில் பயன்படுத்தும் அட்டவணைப்படி, 18 மீட்டரில் 56 நிமிடம். 30 மீட்டரில் 20 நிமிடம். 40 மீட்டரில் பத்து நிமிடத்துக்கும் குறைவு. முதல் நிலைச் சான்றிதழ் 18 மீட்டருக்கும், அடுத்த நிலை 30 மீட்டருக்கும், ஆழத்துக்கான தனிப் பயிற்சி 40 மீட்டருக்கும் அனுமதிப்பது இந்தக் காரணத்தால்தான். 30 மீட்டரைத் தாண்டும்போது நைட்ரஜன் போதையும் சேர்ந்துகொள்கிறது. காற்றழுத்த மானியைப் பார்ப்பீர்கள், எண் தெரியும், அதன் பொருள் மனத்தில் ஏறாது. போதையில் இருப்பவருக்குத் தான் போதையில் இருப்பது தெரிவதில்லை. கடலில் நான் அஞ்சுவது சுறாவை அல்ல, இதைத்தான்.

இனி மட்டக்களப்பு. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னை நகரமே மூட்டை முடிச்சுகளோடு வெளியேறிய கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பீதிக்குக் காரணம் இருந்தது. முந்தைய டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய, ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல் படை இந்தியப் பெருங்கடலுக்குள் வந்திருந்தது. ஏப்ரல் 5 கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் தேதி திருகோணமலை. தாக்குதல் வருகிறது என்று தெரிந்ததும் திருகோணமலையிலிருந்து வெளியேற்றப்பட்ட கப்பல்களில் ஒன்று, பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மீஸ். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட முதல் கப்பல் என்ற பெருமை அதற்கு உண்டு. அன்று காலை அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாவற்றையும் கரையில் இறக்கிவிட்டிருந்தார்கள். தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத நிலையில், மட்டக்களப்புக்கு நேரே ஜப்பானிய விமானங்கள் அதைக் கண்டுபிடித்தன. சில நிமிடங்களில் குண்டுகள் சரமாரியாக விழுந்து கப்பல் மூழ்கியது. கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வாம்பயரும் மூழ்கியது. அந்தப் பக்கமாக வந்த வீடா என்ற மருத்துவமனைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து தூக்கியது. தாக்கிய படையின் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்று விமானந்தாங்கிகளும் இரண்டே மாதத்தில் பசிபிக்கில் நடந்த மிட்வே போரில் மூழ்கின. அவை எந்த முக்குளிப்பவரும் எட்ட முடியாத ஆழத்தில் கிடக்கின்றன.

ஹெர்மீஸ் கிடப்பது சுமார் 53 மீட்டரில். எனவே அதுவும் உங்களுக்கு இப்போது இல்லை. சாதாரணக் காற்றை அடைத்துக்கொண்டு அங்கே இறங்குவதை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அதற்கு ஹீலியம் கலந்த வாயுவும், பல சிலிண்டர்களைக் கையாளும் தொழில்நுட்பப் பயிற்சியும் வேண்டும். ஆனால் அதே நாளில் அதே விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல், மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடா பக்கம் சுமார் 25 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இரண்டாம் நிலைச் சான்றிதழோடு அங்கே போகலாம். அதுதான் உங்கள் முதல் கப்பல். போர்க்கப்பல் இல்லையே என்று குறைப்பட வேண்டாம். உடைந்த இரும்பின் அருகில் மிதப்பைக் கட்டுப்படுத்துவது, அறுந்து சிக்கிய மீன்வலைகளைத் தூரத்திலேயே கண்டுகொள்வது, நீரோட்டத்தில் கயிற்றைப் பிடித்து இறங்கி ஏறுவது ஆகிய எல்லாவற்றையும் அது கற்றுத்தரும்.

மட்டக்களப்பை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம். அங்கிருந்து மட்டக்களப்புக்கு ரயில். படகுக்காரரும் உடன் இறங்கும் சுழியோடியும் தமிழில் பேசுவார்கள். இறங்குவதற்கு முன் தரும் விளக்கத்தைத் தாய்மொழியில் கேட்பதன் அருமை, பாதி புரிந்த ஆங்கிலத்தில் தலையாட்டிவிட்டு இறங்கியவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போனால் கடலைக் கரையிலிருந்துதான் பார்க்கலாம்.

அடுத்த படிக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, மாலத்தீவின் தென்கோடியில் உள்ள அட்டு. அங்கே கிடக்கும் பிரிட்டிஷ் லாயல்டி என்ற எண்ணெய்க் கப்பல், ஒரே போரில் இரண்டு முறை தாக்கப்பட்டது. 1942இல் மடகாஸ்கரின் தியேகோ சுவாரஸ் துறைமுகத்தில் ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கி அதை வீழ்த்தியது. மிதக்கவைத்து அட்டுவுக்குக் கொண்டுவந்தார்கள். 1944 மார்ச்சில் ஜெர்மானிய நீர்மூழ்கி மீண்டும் அடித்தது. இப்போது அதன் மீது பவளம் செழித்திருக்கிறது. அடித்தளம் 33 மீட்டர். மற்றொன்று, பிலிப்பைன்ஸில் பலாவான் பக்கத்துக் கோரோன். 1944 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானங்கள் அங்கே ஒளிந்திருந்த ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கின. கோரோனின் அருமை, ஆழங்கள் படிப்படியாக அமைந்திருப்பது. லூசோங் தீவுக்கு அருகே உள்ள சிறு போர்ப்படகை மேலே மிதந்தபடியே பார்க்கலாம். ஒக்கிகாவா மாருவின் தளம் பத்துப் பதினைந்து மீட்டரில் கிடைக்கும். கடல்விமானங்களைப் பராமரிக்கக் கட்டப்பட்ட அகித்சுஷிமா, பக்கவாட்டில் சாய்ந்து 38 மீட்டர் வரை கிடக்கிறது. விமானங்களைத் தூக்கிய அதன் பாரந்தூக்கி இன்னும் அடையாளம் தெரிகிறது. ஒரு வாரம் தங்கினால் ஒவ்வொரு படியாக இறங்கிப் பழகலாம். உண்மையைச் சொன்னால், சூக்குக்குப் போக வசதியில்லாதவர்கள் கோரோனோடு நிறுத்திக்கொண்டாலும் பெரிதாக எதையும் இழக்க மாட்டார்கள்.

ஆனாலும் சூக் சூக்தான். பசிபிக்கில் ஜப்பானின் மிகப் பெரிய கடற்படைத் தளமாக இருந்த ட்ரக் என்பது இன்று மைக்ரோனீசியாவைச் சேர்ந்த சூக். 1944 பிப்ரவரி 4 அன்று அமெரிக்க உளவு விமானங்கள் மேலே பறந்ததும் ஆபத்தை உணர்ந்த ஜப்பானியர், முசாஷி போன்ற பெரும் போர்க்கப்பல்களை அடுத்த சில நாள்களில் வெளியேற்றிவிட்டார்கள். பிப்ரவரி 17, 18 தேதிகளில் தாக்குதல் நடந்தபோது சிக்கியவற்றில் பெரும்பாலானவை சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும். நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. சுமார் 250 விமானங்கள் அழிந்தன. ஆகவே பீரங்கிக் கோபுரங்கள் நிறைந்த போர்க்கப்பல்களை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம் வரலாம். இறங்கிப் பார்த்தால், ஒரு போர் எதைத் தின்று உயிர்வாழ்கிறது என்பதை அந்தச் சரக்கு அறைகள்தான் காட்டுகின்றன. ஃபுஜிகாவா மாருவின் அறையில் ஜப்பானின் ஜீரோ ரகப் போர் விமானங்களின் உடல்கள் அடுக்கிக் கிடக்கின்றன. ஹெய்யான் மாருவில் நீர்மூழ்கிகளுக்கான பெரிஸ்கோப்புகள். ஷின்கோகு மாரு, பேர்ல் துறைமுகத்துக்குப் போன படைக்கு வழியில் எண்ணெய் நிரப்பிய கப்பல். இன்று அதன் பாய்மரக் கம்பத்திலும் தளத்திலும் மென்பவளங்கள் பூத்திருக்கின்றன. இவற்றின் பெரும்பகுதி 15 முதல் 35 மீட்டருக்குள் அடங்கும். தளத்தில் டாங்கிகள் நிற்கும் படங்களைப் பார்த்து எல்லோரும் கேட்கும் சான் பிரான்சிஸ்கோ மாரு மட்டும் 45 மீட்டருக்குக் கீழே இருக்கிறது. 'போன கையோடு அதையும் பார்த்துவிடலாம்' என்ற எண்ணத்தை மதுரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி வேறு வகை. அங்கே கிடப்பவை போரில் மூழ்கியவை அல்ல. 1946 ஜூலையில் அமெரிக்கா, ஆளில்லாக் கப்பல்களை நிறுத்திவைத்து இரண்டு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. ஜூலை 25 அன்று நீருக்கடியில் வெடித்த இரண்டாவது குண்டுதான் 270 மீட்டர் நீளமான சாரடோகா என்ற விமானந்தாங்கியையும், பேர்ல் துறைமுகத் தாக்குதலின்போது ஜப்பானியக் கடற்படைத் தளபதி யாமமோட்டோவின் தலைமைக் கப்பலாக இருந்த நகாட்டோவையும் மூழ்கடித்தது. சாரடோகா நிமிர்ந்தும், நகாட்டோ தலைகீழாகவும் கிடக்கின்றன. அடித்தளம் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில். பயணக் கப்பலிலேயே பல நாள் தங்கி இறங்கக்கூடிய, இடையிடையே நின்று ஏறும் பயிற்சி பெற்றவர்களுக்கான இடம் அது. கதிர்வீச்சைப் பற்றிப் பலர் கேட்பார்கள். சில நாள் முக்குளிப்பதால் வரும் ஆபத்து மிகக் குறைவு. தீவின் மண்ணில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் தங்கியிருப்பதால் அங்கே விளையும் தேங்காயையும் மற்ற உணவுகளையும் அன்றாடம் உண்டு வாழ்வதில்தான் சிக்கல். சோதனைக்காக 1946 மார்ச்சில் வெளியேற்றப்பட்ட 167 தீவுவாசிகளின் சந்ததியினர் இன்னும் ஊர் திரும்பி வாழ முடியவில்லை. அந்தக் கப்பல்களைப் பற்றி வியந்து பேசும் ஒவ்வொருவரும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பயணத்தைப் பொறுத்தவரை, சூக்குக்குக் குவாம் வழியாகப் போவது வழக்கம். குவாம் அமெரிக்க ஆட்சிப் பகுதி என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர் அமெரிக்க விசா எடுக்க வேண்டும். சென்னைத் துணைத் தூதரகத்துக்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பியுங்கள். செலவு சில லட்சங்கள் ஆகும்.

கப்பலுக்குள் நுழைவது பற்றி. கதவுகள் அகன்று, வெளிச்சம் எப்போதும் தெரியும் சரக்கு அறைக்குள் வழிகாட்டியோடு போவது ஒன்று. எஞ்சின் அறைக்கு இறங்குவது முற்றிலும் வேறு. எண்பது ஆண்டுகளாகப் படிந்த வண்டல், துடுப்பின் ஒரே உதையில் எழுந்து விளக்கை விழுங்கிவிடும். உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் உள்ளே போகிறவர்கள் வெளியிலிருந்தே வழிக்கயிறு கட்டிக்கொண்டு போகிறார்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, மீதி ஒரு பங்கைத் தொடுவதே இல்லை. கப்பல்களும் பழைய உறுதியோடு இல்லை. ஆண்டுதோறும் துருவேறித் தளங்கள் சரிகின்றன. நேற்று நுழைந்த வழி இன்று இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கப்பல் முக்குளிப்புக்கான தனிப் பயிற்சி முடியும் வரை வெளியிலிருந்தே பாருங்கள். முதல் சில ஆண்டுகளுக்கு வெளிப்புறமே கண் கொள்ளாத அளவுக்கு இருக்கும்.

நினைவாக ஏதாவது எடுத்து வரலாமா என்று கேட்டீர்கள். கூடாது. ஒரு தோட்டா உறை, ஒரு பீங்கான் கிண்ணம்கூடக் கூடாது. சூக்கில் அது சட்டப்படிக் குற்றம். அங்குள்ள வெடிபொருள்கள் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பது தனி ஆபத்து. ஆனால் சட்டத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஹெர்மீஸும் சூக்கின் பல கப்பல்களும் கல்லறைகள். தேனிப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள், ஆநிரைப் பூசலில் விழுந்த ஒருவனை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெயரோடு காத்து வைத்திருந்தன. விழுந்தவனுக்கு ஓர் இடம் வேண்டும் என்று கருதிய மண் நம்முடையது. கடலில் அந்த இடம், கப்பலேதான். அதைக் கொள்ளையடிப்பவர்களும் இருக்கிறார்கள். 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தான் அருகே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. நம் பக்கத்திலிருந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போயிருந்த எத்தனையோ குடும்பங்களின் தலைவிதி அன்று மாறியது. நூற்றுக்கணக்கான மாலுமிகள் உள்ளே கிடக்கும் அந்தக் கப்பல்களைப் பழைய இரும்புக்காக வெட்டி எடுத்திருக்கிறார்கள். 2023இல் மலேசிய அதிகாரிகள் ஒரு சீனக் கப்பலை அந்தச் சந்தேகத்தில் தடுத்து நிறுத்தினார்கள். ஜாவாக் கடலில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் முழுதாகவே காணாமல் போய்விட்டது 2016இல் தெரியவந்தது. நீங்கள் எடுக்கும் ஒரு கிண்ணமும் அதே வேலையின் சிறிய அளவுதான். எலும்பு கண்ணில் பட்டால் தொடாதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முக்குளித்த பிறகு உடனே விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம், நிறுத்தங்களோடு ஏறும் ஆழமான இறக்கமாக இருந்தால் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். மலை ஏறுவதும் அதே கணக்குத்தான் என்பது தெரிவதில்லை. கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு 2,100 மீட்டர் மேலே; பறக்கும் விமானத்தின் உட்புற அழுத்தத்துக்கு ஏறத்தாழ நிகரான உயரம். ராமேஸ்வரம் பக்கம் காலையில் முக்குளித்துவிட்டு, மாலை மதுரை வந்து, இரவோடு இரவாகக் கொடைக்கானல் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போகாதீர்கள். மட்டக்களப்பிலிருந்து திரும்பும் வழியில் நுவரெலியா பார்க்க ஆசைப்பட்டாலும் இதே எச்சரிக்கைதான். அது ஏறத்தாழ 1,870 மீட்டர். மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்.

தொடங்குவதற்கு மதுரையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. முதலில் காது மூக்குத் தொண்டை மருத்துவரையும் நெஞ்சக மருத்துவரையும் பாருங்கள். ஆஸ்துமா, வலிப்பு, காதுச் சவ்வில் ஓட்டை, இதய நோய் இவற்றில் ஏதேனும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பயிற்சி நிலையம் தரும் மருத்துவப் படிவத்தில் பொய்யாக 'இல்லை' என்று எழுதுவது உங்கள் உயிரோடு நிற்காது, உங்களோடு இறங்கும் துணைவரின் உயிரையும் பிடித்திழுக்கும். ரேஸ் கோர்ஸ் மைதானத்து நீச்சல் குளத்தில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், பத்து நிமிடம் பிடிமானமின்றி மிதக்கவும் பழகுங்கள். பிறகு முதல் இரண்டு சான்றிதழ்களைப் புதுச்சேரியிலோ அந்தமானிலோ முடிக்கலாம். அந்தமானுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். சான்றிதழ் கிடைத்ததும் கப்பலுக்கு ஓடாமல், பவளப்பாறைகளில் பல முறை இறங்கி, கையை ஆட்டாமல் ஓரிடத்தில் அசையாது மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வண்டலைக் கலைக்காமல் கப்பலருகே போக அது ஒன்றே வழி. முக்குளிப்போருக்கான காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்குப் போனாலும், நைட்ரஜன் குமிழிப் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்தச் சிகிச்சை அறை எங்கே இருக்கிறது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத நிலையத்தோடு இறங்க வேண்டாம்.

இந்தக் குளிர்காலத்தில் அந்தமானில் தொடங்கினால், அடுத்த ஆண்டு ஜூன் வாக்கில் நீங்கள் பாசிக்குடாவில் இறங்கலாம். கோரோன் அதற்கு அடுத்த ஆண்டு. சூக்குக்கான அமெரிக்க விசாவை அதன் பிறகு யோசிப்போம். அப்போது உங்கள் முக்குளிப்புப் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள், எந்தக் கப்பலில் எதுவரை இறங்கலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.